நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டேன்

நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டேன், கேட் திறந்து கிடக்கிறது. போனை வைத்துவிட்டுத்தான் வெளியே பார்க்கிறேன். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தண்டவாளத்தின்மேல் ஆடி ஆடி ஏறுகிறது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பைக்குகள், மீன்கூடை வைத்த ஒரு டி.வி.எஸ். மணி பதினொன்று ஏழு. ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆலங்கரை ஸ்டேஷனில் தேவசகாயம் சார் இந்நேரம் என் எண்ணைத் தன் புத்தகத்தில் எழுதியிருப்பார், பாசஞ்சருக்குக் கைகாட்டியிருப்பார். நாற்பத்தேழு என்றால் மற்றவர்களுக்கு வெறும் எண். எங்களுக்கு அப்படியில்லை. என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது, அதில் முன்பின் ஒழுங்கில்லாமல் எண்கள். கேட்டை மூடி, பூட்டி, சாவியை எடுத்த பிறகு, தாளில் அடுத்த எண் எதுவோ அதை அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னதை அடித்துவிட வேண்டும். அந்த எண் கிடைத்தால்தான் அவர் வண்டியை விடுவார். அதாவது நாற்பத்தேழு என்றால், சார், சாலை மூடியிருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், நம்பி விடுங்கள் என்று பொருள். பொருள் அப்படி. நிலவரம் இப்படி. டிராக்டர்காரன் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவன் மாதிரி நிதானமாகப் போகிறான்.

ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறேன். இன்று புதிதாகச் செய்த தப்பு என்றால் பதறலாம், ஒன்றரை வருடமாகச் செய்கிற தப்புக்குப் பதற என்ன இருக்கிறது? நான் வந்த முதல் வாரத்திலேயே பக்கிரிசாமி அண்ணன் சொல்லிக்கொடுத்தார், இருபது வருட கேட் கீப்பர். "ஏம்மா வினோதினி, மூடிப்புட்டு நம்பர் குடுத்தின்னா, அந்தாளு வண்டிய எடுத்து, அது இங்க வந்து சேரயில கால் மணி ஆவும். அதுவரைக்கும் சனம் ஒன்னைய உசுரோட வுடுமா? நம்பரக் குடுத்துட்டு மூடு. எட்டு நிமிசம் இருக்கு. எட்டு நிமிசத்துல ஒரு புள்ளையே பெத்துப்புடலாம்." சிரித்தேன். மறுவாரமே செய்தேன். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள், கல்லூரியில் ஒரு நிரூபணத்தில் ஒரு வரி விட்டுப்போனால் எழுந்து நின்று சண்டை போட்டவள், ரயில்வேயில் கடைநிலை வேலைக்குத் தேர்வு எழுதி இங்கே வந்து, எட்டு நிமிடக் கணக்கை மட்டும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததுதான் காரணம், வேறென்ன. வண்டி வருவதற்குள் மூடிவிடுகிறேனே, பிறகு யாருக்கு நஷ்டம்? ஏய், நில்லுங்க, நில்லுங்க! பச்சைச் சட்டை போட்ட பைக் ஆசாமி தலையைக் குனிந்து பாதி இறங்கிய கம்பத்துக்கு அடியில் நுழைகிறான். அவன் பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. "இதோ இதோ, போயிட்டோம்க்கா." இறக்கிய கம்பத்தை மறுபடி ஏற்றுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் தலையில் படும். பதினொன்று ஒன்பது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பிழைப்பு.

அந்தப் பக்கமிருந்து ஒரு மினி லாரி, அதற்குப் பின்னால் ஒரு கார். எல்லோருக்கும் ஒரே பேச்சு, இன்னும் வண்டியே வரலியே. வண்டி வந்த பிறகு மூடுவதற்கு கேட் எதற்கு, நான் எதற்கு? கத்த வேண்டும் போலிருக்கிறது. கத்த எனக்கு என்ன தகுதி? நான் மட்டும் மூடிய பிறகா எண் சொன்னேன்? அவர்கள் வண்டி வருவதற்குள் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள், நான் வண்டி வருவதற்குள் மூடிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஒரு நிமிடம் யோசித்தால் போதும், எல்லா கேட் கீப்பரும் மூடாமலே எண் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், இங்கிருந்து ராமேஸ்வரம் வரைக்கும். அப்புறம் எந்த ஸ்டேஷன் மாஸ்டர் எந்த எண்ணை நம்புவார்? நம்பாத எண்ணைச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன? என் பொய் நடக்க வேண்டுமென்றால் மற்ற அத்தனை பேரும் உண்மை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் விதி ஒன்று, வினோதினிக்கு மட்டும் விதிவிலக்கு. நிரூபணத்தில் இப்படி ஒரு வரி வந்தால் முரண்பாடு என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு மொத்தத்தையும் அடித்திருப்பேன். இதை ஒன்றரை வருடம் அடிக்காமல் வைத்திருந்திருக்கிறேன். கார் போய்விட்டது. அந்தப் பக்கம் காலி. சுற்று, சுற்று. இரண்டு கம்பமும் இறங்கிவிட்டன. பதினொன்று பன்னிரண்டு. அப்பாடா. இப்போது நாற்பத்தேழு உண்மையாகிவிட்டது, ஐந்து நிமிடம் தாமதமாக. பூட்டில் சாவியைத் திருகி எடுக்கிறேன், வாய்க்கால் பக்கமிருந்து ஆரன் அடித்துக்கொண்டே ஓர் ஆட்டோ வருகிறது.

சும்மா அடிக்கிற ஆரன் இல்லை. விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறான். ஆட்டோ நிற்பதற்கு முன்பே முருகையன் மாமா குதித்து ஓடிவருகிறார், இடுப்பில் சேற்றுத் துணி, மார்பில் ஒன்றுமில்லை. "தாயி, தொற. தொற தாயி. செந்தாமரையப் பாம்பு கடிச்சிருச்சு. கண்ணாடி விரியன். நூத்தியெட்டு வேற கேசுக்குப் போயிருச்சாம். தொற." செந்தாமரை அக்கா, மாமாவின் மனைவி. இந்தக் கேட்டை ஒட்டிய வயலில்தான் களை எடுப்பாள், மத்தியானம் இந்த அறை நிழலில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள், நான் கொண்டுவருகிற எலுமிச்சைச் சோற்றைக் கிண்டல் செய்துகொண்டே பாதியைத் தின்பாள். ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடக்கிறாள். வலது கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, தோல் பளபளக்கிறது. மேலே துண்டை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அப்படிக் கட்டக் கூடாது என்று எங்கோ படித்தது ஞாபகம் வருகிறது, சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி பதினான்கு கிலோமீட்டர். கேட்டுக்கு அந்தப் பக்கம்.

வண்டி கிளம்பியிருக்காது, ஒருவேளை கிளம்பியிருக்காது, மாடு கீடு படுத்திருக்கும். அறைக்குள் ஓடிப் போனைச் சுழற்றுகிறேன். "சார், கீழக்கரம்பை கேட். பாசஞ்சர் போயாச்சா?" "பதினொண்ணு ஒன்பதுக்கே எடுத்தாச்சேம்மா. ஏன், என்ன?" "பாம்புகடி கேஸ் சார், ஆட்டோல நிக்கிறாங்க." "அடக் கடவுளே. வண்டி செக்ஷன்ல, நடுவழியில இருக்கும்மா. நம்பர் குடுத்திருக்க. தொறந்துராத." "தொறக்கல சார்." போனை வைக்கிறேன். வைத்த கை அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஏனென்றால் இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. நான் ஒழுங்காக மூடிப் பூட்டிவிட்டு எண் சொல்லியிருந்தால், பதினொன்று பன்னிரண்டுக்குத்தான் சொல்லியிருப்பேன். சாவியை எடுத்த அதே நொடியில் ஆட்டோ வந்தது. அப்போது நான் எண்ணே சொல்லியிருக்க மாட்டேன். வண்டி ஆலங்கரையில் நின்றுகொண்டிருக்கும். கம்பத்தைத் தூக்கி, அக்காவை அனுப்பிவிட்டு, மறுபடி மூடி, ஆற அமர நாற்பத்தேழு என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு நஷ்டம் என்று கேட்டேனே. நஷ்டம் ஆட்டோவில் கால் வீங்கிக் கிடக்கிறது.

"பாக்கறியே தாயி, தொற." பதினொன்று பதினாலு. பதினேழுக்கு வண்டி வர வேண்டும். மூன்று நிமிடம். தூக்க அரை நிமிடம், ஆட்டோ கடக்கக் கால் நிமிடம், இறக்க அரை நிமிடம். கணக்கு இடிக்கவில்லை. கை தானாகக் கைப்பிடியில் போய் உட்கார்கிறது. ஆட்டோவுக்குப் பின்னால் பார்க்கிறேன், அதற்குள் ஏழு பைக், ஒரு பால் வண்டி, எல்லோரும் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு, கம்பம் எழும்பினால் நுழைவதற்குத் தயாராக. இப்போதுதானே பார்த்தேன், மூட ஐந்து நிமிடம் ஆனது. திறப்பது என் கையில் இருக்கிறது, மூடுவது இவர்கள் கையில் இருக்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. எஞ்சினில் உட்கார்ந்திருக்கிற டிரைவர் முகம்கூட எனக்குத் தெரியாது, அவர் நாற்பத்தேழை நம்பி வருகிறார், பின்னால் எட்டுப் பெட்டி ஜனம் வருகிறது, காலேஜ் பிள்ளைகள், கத்தரிக்காய் மூட்டைக்காரிகள். ஒருமுறை பொய் சொன்னேன், அதை ஐந்து நிமிடத்தில் உண்மையாக்கினேன், இப்போது மறுபடி பொய்யாக்கவா? அக்காவுக்காகச் செய்தால் அது நல்ல பொய்யா? எனக்காகச் செய்ததுதான் கெட்ட பொய்யா? எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அது மூடியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். "முடியாது மாமா. வண்டி வந்துட்டிருக்கு." என் குரல்தானா இது? கட்டைக் குரலாக வருகிறது. ஆட்டோக்காரன், "தூக்கிட்டுப் போயிரலாம்ணே, குனிஞ்சு போயிரலாம்" என்கிறான். அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். ஏற்றிக்கொண்டு போக ஒரு சைக்கிள்கூட இல்லை. வந்த லாரியையும் காரையும் நானேதான் விட்டுவிட்டேன்.

பதினேழு. வரவில்லை. பத்தொன்பது. வரவில்லை. எங்கேயாவது மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள், நேற்று ஜல்லி கொட்டினார்களே. திறந்திருக்கலாம். இரண்டு தடவை திறந்து மூடியிருக்கலாம். பின்னாலிருந்து ஒருவன், "இவளுக்கு என்னடா, கவர்மெண்டு சம்பளம், அடுத்தவன் செத்தா என்ன" என்கிறான். சொல்லட்டும். இன்னொருவன் கைபேசியைத் தூக்கி என்னைப் படம் எடுக்கிறான். எடுக்கட்டும். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், ஈறில் லேசாக ரத்தம் கசிகிறது. "அதப் போயி ஏன் வையிறீங்க. அது என்னா பண்ணும், பாவம்." ஐயோ அக்கா, நீ பேசாதே. நீ என்னைத் திட்டு. தயவுசெய்து திட்டு. இருபத்தொன்று. வரவில்லை. என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று சொன்னார்கள், தாலி கட்டிய மூன்றாம் மாதம்தான் தெரிந்தது, ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நான் ஆடித் தீர்த்தேன். மாமியார், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க, நாங்க ஒண்ணுதானே சொன்னோம்" என்று சமாதானம் சொன்னார். அவர் கேட்டார், என் வீட்டுக்காரர், "உண்மையச் சொல்லிருந்தா வேண்டாம்னிருப்பியா?" இல்லை, அப்போதும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. சரி என்று சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் என் வேலை. அந்த வேலையை எனக்குப் பதிலாக நீங்கள் செய்துவிட்டீர்கள், என்னை ஒரு பொம்மையாக்கி மணையில் உட்காரவைத்துவிட்டீர்கள். இப்படி எத்தனை நாள் கத்தியிருப்பேன். நான் தேவசகாயம் சாருக்குச் செய்தது என்ன? வண்டியை விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது அவர் வேலை. அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவரையும் பொம்மையாக்கினேன், தினமும், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவரைக்கும் அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை.

இருபத்துநாலு. முருகையன் மாமா கத்துவதை நிறுத்திவிட்டார். கேட் கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறார். கத்திக்கொண்டிருந்தபோது தாங்க முடிந்தது. இருபத்தாறுக்கு வளைவில் தலை தெரிகிறது, மஞ்சள் விளக்கு, அப்புறம் ஊதல். பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டிரைவர் கையை அசைக்கிறார், நானும் அசைக்கிறேன், எல்லாம் முறைப்படி நடக்கிறது. எட்டுப் பெட்டி. ஜன்னல்களில் முகங்கள், ஒருத்தி வாழைப்பழத்தோலை வீசுகிறாள், ஒரு பையன் எனக்கு டாட்டா காட்டுகிறான். கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் சாவி பூட்டில் இருக்கிறது. கம்பத்தை இவ்வளவு வேகமாக நான் தூக்கியதே இல்லை. ஆட்டோ கிளம்புகிறது. முருகையன் மாமா ஒரு காலை உள்ளே வைத்து, மறுகால் தரையில் இருக்க, திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். "வாயில வந்ததப் பேசிப்புட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத. நீ ஒன் கடமையத்தானே பாத்த. அம்புட்டு சனம் அதுல வந்துச்சு." ஆட்டோ போய்விட்டது. போனதும் சொல்லுங்க மாமா என்று பின்னால் கத்துகிறேன், அவர் காதில் விழுந்ததோ இல்லையோ. பைக்குகள் போகின்றன, பால் வண்டி போகிறது, படம் எடுத்தவனும் போகும்போது, "கரெக்டாத்தான் இருக்கீங்கக்கா" என்கிறான். கடமை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

அறைக்குள் வருகிறேன். பதிவேடு திறந்திருக்கிறது. எண் நாற்பத்தேழு, கேட் மூடிய நேரம் என்ற கட்டத்தில் 11.07 என்று என் கையெழுத்து, அழகான கையெழுத்து, முன்கூட்டியே எழுதி வைத்தது. இந்தப் போனில் பேச்சு பதிவாவதில்லை, அடுத்த வருடம்தான் மாற்றுவார்களாம். ஆக இந்த உலகத்தில் இது என் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டும். சொல்லலாம், அவசரம் என்ன, முதலில் அக்கா எப்படி இருக்கிறாள் என்று தெரியட்டும். தெரிந்த பிறகு சொல்லலாம். இந்த யோசனை நல்ல பிள்ளை மாதிரி வந்து உட்காருகிறது, அதன் காதைப் பிடித்துப் பார்த்தால் திருட்டு முழி முழிக்கிறது. அக்கா பிழைத்துவிட்டால், அதான் ஒன்றும் ஆகலையே என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும், ஒன்றரை வருடம் அப்படித்தானே விட்டேன். பிழைக்காவிட்டால், ஐயோ, பயத்தில் நாக்கு எழும்பாது, கொலைகாரி என்பார்களே, வேலை போகுமே, என் வீட்டுக்காரரின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதே என்று ஆயிரம் வரும். இரண்டு வழியிலும் சொல்ல மாட்டேன். சொன்னால் சேதி வருவதற்குள் சொல்ல வேண்டும். நான் செய்த தப்பு பதினொன்று ஏழுக்கே முழுசாக நடந்து முடிந்துவிட்டது, அக்கா பிழைப்பதால் அது குறையாது, பிழைக்காததால் கூடாது. இல்லை, கூடும். எனக்குக் கூடும், காலத்துக்கும் கூடும். ஆனால் சொல்ல வேண்டியது அதேதான். போனை நான் தொடுவதற்குள் அதுவே அடிக்கிறது.

"கீழக்கரம்பை, பாசஞ்சர் பாஸாயிருச்சா?" "பதினொண்ணு இருபத்தாறுக்குப் பாஸாயிருச்சு சார்." "அந்தக் கேஸு?" "போயிட்டாங்க. சார், நான் நம்பர் குடுத்தப்ப கேட் தொறந்திருந்துச்சு." "என்னம்மா சொல்ற?" "ஏழுக்கு நம்பர் குடுத்தேன் சார். பன்னண்டுக்குத்தான் பூட்டினேன். இன்னிக்கு மட்டும் இல்ல." "வினோதினி, இந்தா பாரு." குரலைத் தாழ்த்துகிறார், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல. "வண்டி பத்திரமா போயிருச்சு. நம்பர் சரியா இருக்கு. நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. சஸ்பென்ஷன்ல உக்காந்தின்னா எந்திரிக்கவே ரெண்டு வருஷம் ஆவும். பக்கிரிசாமிக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு, விசாரணைன்னு வந்தா அவனையும் இழுப்பானுங்க. யாருக்கும்மா லாபம்?" அண்ணனின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகைக்கு மாதிரி பார்க்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். இதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போனை எடுத்திருக்கவே மாட்டேன். "அண்ணன் பேரை நானாச் சொல்ல மாட்டேன் சார். நான் செஞ்சது என்னோடது." "விசாரணையில கேப்பான், யாரு சொல்லிக் குடுத்ததுன்னு. அப்ப பொய் சொல்லுவியா?" அவர் நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். "சார், ஒண்ணு மட்டும் கேக்கறேன். சனம் நிக்குது, இன்னும் மூட முடியலன்னு நான் ஏழுக்குச் சொல்லியிருந்தா, வண்டியை நிறுத்தி வெச்சிருப்பீங்களா?" "நீ நம்பர் குடுக்காம நான் எப்படிம்மா எடுப்பேன்? அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போகுது. இதென்ன கேள்வி." "அந்த அஞ்சு நிமிஷத்துல அவங்க போயிருப்பாங்க சார். அவரு என்னைக் கும்பிட்டுட்டுப் போனாரு. நான் கடமையைப் பாத்தேனாம்."

பைக்குள் என் கைபேசி அதிர ஆரம்பிக்கிறது. எடுக்காமலே தெரிகிறது யார் என்று. கால் மணிகூட ஆகவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரி போயிருக்க முடியுமா, பாதி வழிதானே, பாதி வழியில் ஏன் கூப்பிட வேண்டும்? எடு, எடு என்று உடம்பு முழுக்க அடித்துக்கொள்கிறது. இல்லை. முதலில் இது. "எழுதிக்கங்க சார்." "வினோதினி." "கீழக்கரம்பை கேட், வினோதினி. நம்பர் நாற்பத்தேழு குடுத்தது பதினொண்ணு ஏழு. கேட் பூட்டினது பதினொண்ணு பன்னண்டு. எழுதிட்டீங்களா?" அதிர்வு நிற்கிறது. உடனே மறுபடி தொடங்குகிறது. "நானும் பதிவேட்டுல திருத்தி, திருத்தினேன்னு கையெழுத்துப் போடறேன். நீங்க எழுதிட்டீங்களா சார்?" மறுமுனையில், மெதுவாக, பேனா மூடியைத் திறக்கிற சத்தம். "சொல்லு. மறுபடி சொல்லு." மறுபடி சொல்கிறேன். ஒவ்வொரு எண்ணாக, அவர் எழுதி முடிக்கிறவரைக்கும். போனை வைத்துவிட்டு, கைபேசியை எடுக்கிறேன்.

"சொல்லுங்க மாமா."